அஞ்சல்வழிக் கல்வியும் அயல்மாநிலத் தமிழரும்: ஒரு சமூகவியல் மாணவனின் வரலாற்றுப் பார்வை

கல்விக்கூடத்தைத் தேடி மாணவன் போவது ஒரு வழி. மாணவனைத் தேடிக் கல்வி வருவது இன்னொரு வழி. முதல் வழியின் வரலாற்றைப் பெரிய அறிஞர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். இரண்டாவது வழிக்கும் நம் நாட்டில் அறுபது ஆண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அது பல்கலைக்கழக அளவில் தொடங்கியதே நாம் பிழைக்க வந்த இந்தத் தில்லி மாநகரில்தான். அந்த வரலாற்றில் நம்மைப் போன்ற வெளிமாநிலத் தமிழர்களுக்கு என்ன இடம், இப்போது அந்த இடம் எப்படிச் சுருங்கிப் போயிருக்கிறது, நாம் செய்யக்கூடியது என்ன என்பவற்றைச் சொல்லவே இக்கட்டுரை.

நான் பேராசிரியன் அல்லன். வந்தவாசிப் பக்கத்துச் சமணக் குடும்பத்தில் பிறந்து, பழைய பதினோராம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி.யோடு படிப்பை நிறுத்தி, 1978இல் தில்லிக்கு வந்து அரிசி வியாபாரத்தில் காலூன்றியவன். நாற்பத்தேழாம் வயதில், 2007இல், தொலைநிலைக் கல்வியில் சேர்ந்து சமூகவியலில் பி.ஏ. பட்டம் பெற்றேன். ஆகவே இது படித்து அறிந்ததும் பட்டு அறிந்ததும் கலந்த கட்டுரை. அன்பர்கள் அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டுகிறேன்.

பள்ளியும் சாத்திர தானமும்

‘பள்ளி’ என்ற சொல்லை நாம் தினமும் சொல்கிறோம். சமண, பௌத்தத் துறவியர் தங்கிய இடத்துக்குப் பள்ளி என்று பெயர். அங்கே ஊர்ப் பிள்ளைகளுக்கு எழுத்தும் எண்ணும் சொல்லிக் கொடுத்ததால் கல்விக்கூடத்துக்கே அப்பெயர் நிலைத்தது என்று அறிஞர்கள் விளக்குவர். கழுகுமலைக்குப் போனவர்கள் பாறையில் வரிசை வரிசையாகச் செதுக்கிய தீர்த்தங்கரர் திருமேனிகளைப் பார்த்திருப்பீர்கள். கீழே உள்ள வட்டெழுத்துக் கல்வெட்டுகள் அவற்றைச் செய்வித்தவர்களின் பெயரைச் சொல்கின்றன. இன்னாருடைய மாணாக்கர் இன்னார் என்றும் சொல்கின்றன. அவர்களில் குரத்தியர் எனப்பட்ட பெண் ஆசிரியர்களும் உண்டு.

சமண இல்லறத்தாருக்குச் சொல்லப்பட்ட தானங்கள் நான்கு: உணவு, மருந்து, அடைக்கலம், சாத்திரம். சாத்திர தானம் என்றால் நூலைப் படியெடுத்துப் பிறருக்கு வழங்குவது. பத்தாம் நூற்றாண்டில் கன்னட நாட்டு அத்திமப்பே என்ற அம்மையார், பொன்னன் எழுதிய சாந்தி புராணத்தை ஆயிரம் படிகள் எடுக்கச் செய்து வழங்கினார் என்பது புகழ்பெற்ற செய்தி. அச்சு இயந்திரம் இல்லாத காலத்தில் ஆயிரம் சுவடி! ஆசிரியர் போக முடியாத இடத்துக்கு நூல் போய்ச் சேரட்டும் என்பதுதானே அதன் கருத்து?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க முனைந்தபோது அதன் சமயக் கருத்துகளை விளக்கியவர்கள் கும்பகோணத்தில் வாழ்ந்த சமணர்கள். அவர்கள் கல்லூரிப் பேராசிரியர்கள் அல்லர். குடும்பம் நடத்திக்கொண்டே நூலைக் குடும்பச் சொத்தாகப் படித்து வந்தவர்கள். அப்படி உருவான பதிப்பு 1887இல் வெளிவந்தது. தொழிலும் குடும்பமும் ஒரு பக்கம், படிப்பு ஒரு பக்கம் என்று வாழ்வது நமக்குப் புதிதில்லை என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன்.

தபால்தலை செய்த புரட்சி

தற்காலத்து அஞ்சல்வழிக் கல்வியின் வரலாற்றை இங்கிலாந்திலிருந்து தொடங்குவது வழக்கம். 1840இல் அங்கே ஒரு பென்னி தபால்தலை வந்தது. நாட்டின் எந்த மூலைக்கும் ஒரே கட்டணம். அதே ஆண்டில் ஐசக் பிட்மன் தம்முடைய சுருக்கெழுத்துப் பாடத்தை அஞ்சல் வழியே கற்பிக்கத் தொடங்கினார். மாணவர் எழுதி அனுப்புவார். பிட்மன் திருத்தித் திருப்பி அனுப்புவார். தில்லியின் மத்திய அரசு அலுவலகங்களில் ‘பிட்மன்’ கற்றே வேலைக்கு வந்த நம் பெரியவர்கள் எத்தனை பேர்! அவர்கள் பிழைப்புக்குக் கைகொடுத்த கலைதான் அஞ்சல்வழிக் கல்விக்கும் பிள்ளையார் சுழி போட்டிருக்கிறது.

1858இல் இலண்டன் பல்கலைக்கழகம், தன் கல்லூரிகளில் படிக்காதவர்களும் தேர்வெழுதிப் பட்டம் பெறலாம் என்று வழி திறந்தது. படிப்பு எங்கே நடந்தது என்று கேளாமல் தேர்வில் என்ன எழுதினான் என்று மட்டும் பார்ப்பது அதன் தத்துவம். 1857இல் பிறந்த நம் சென்னைப் பல்கலைக்கழகமும் தொடக்கத்தில் தேர்வு நடத்தும் அமைப்பாகவே இருந்தது.

தில்லியில் தொடங்கியது

சுதந்திரத்துக்குப் பிறகு கல்லூரியில் இடம் தேடிய இளைஞர் கூட்டம் பெருகியது. அத்தனை பேருக்கும் கட்டடம் கட்டி, பெஞ்சு போட்டு, ஆசிரியர் நியமிக்க அரசிடம் பணம் இல்லை. 1961இல் இயற்பியல் அறிஞர் டி.எஸ்.கோத்தாரி தலைமையில் அமைந்த குழு அஞ்சல்வழிப் படிப்பைப் பரிந்துரைத்தது. 1962இல் தில்லிப் பல்கலைக்கழகம் பி.ஏ. படிப்போடு அதைத் தொடங்கியது. இன்று திறந்தநிலைக் கற்றல் பள்ளி என்ற பெயரில் நடப்பது அதுவே. பின்னர் அதே கோத்தாரி தலைமையில் 1964-66இல் இயங்கிய கல்விக் குழு, 1986க்குள் உயர்கல்வி மாணவரில் மூன்றில் ஒரு பங்கினராவது அஞ்சல்வழியிலும் மாலைக் கல்லூரிகளிலும் படிக்க ஏற்பாடு வேண்டும் என்றது.

தெற்கே மைசூர்ப் பல்கலைக்கழகம் 1969இலும், மதுரைப் பல்கலைக்கழகம் 1971இலும், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979இலும், சென்னைப் பல்கலைக்கழகம் 1981இலும் இத்துறையில் இறங்கின. ஆய்வுக்கூடம் தேவைப்படாத கலை, வணிகப் பாடங்களே முதலில் அஞ்சலில் ஏறின. வரலாறு, பொருளியல், அரசியல், சமூகவியல் எல்லாம் அந்த வண்டியில் வந்தவைதான்.

இதனால் பயன் பெற்றவர் யார்? வகுப்பறைக்குப் பகலில் போக முடியாதவர் எல்லாரும். அலுவலகக் குமாஸ்தா, தட்டச்சர், பட்டாளத்துச் சிப்பாய், ஆரம்பப் பள்ளி ஆசிரியர், கடைச் சிப்பந்தி, கல்யாணத்தோடு படிப்பு நின்றுபோன பெண்கள். தமிழ்நாட்டை விட்டு வந்தவர்களுக்கு இன்னொரு பெரிய லாபமும் இருந்தது. மதுரையிலிருந்தோ சிதம்பரத்திலிருந்தோ பாடம் வந்தால் தில்லியிலும் பம்பாயிலும் உட்கார்ந்து தமிழிலேயே படிக்கலாம். தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் சில, பின்னாளில் வெளிமாநில நகரங்களிலும் படிப்பு மையம், தேர்வு மையம் நடத்தின. ஊரிலிருந்து வரும் இன்லண்ட் லெட்டர், மணியார்டர் ரசீது, கல்யாணப் பத்திரிகை இவற்றோடு பாடக்கட்டும் வந்தது. தமிழ்நாடு நமக்கு அனுப்பிய நல்ல சீர்களில் அதுவும் ஒன்று என்பேன்.

கதவைத் திறந்தவர்கள்

அஞ்சல்வழிக் கல்வி தூரத்தைக் குறைத்தது; ஆனால் வாசற்படியின் உயரத்தைக் குறைக்கவில்லை. புகுமுக வகுப்புச் சான்றிதழ் இல்லாதவன் பட்டப் படிப்பில் சேர முடியாது. அதை உடைத்தது திறந்தநிலைப் பல்கலைக்கழகம் என்ற கருத்து. இங்கிலாந்தில் 1969இல் அது உருவெடுத்தது. இந்தியாவில் முதலில் செய்து காட்டியது ஆந்திர மாநிலம். 1982இல் ஐதராபாத்தில் ஆந்திரப் பிரதேசத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தொடங்கியது. இன்று அது டாக்டர் அம்பேத்கர் பெயரைத் தாங்கியிருக்கிறது. அதன் முதல் துணைவேந்தர் ஜி.ராம் ரெட்டி. 1985இல் நாடாளுமன்றச் சட்டத்தின்படி இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், அதாவது நாம் ‘இக்னோ’ என்பது, தில்லியில் பிறந்தபோது அதற்கும் அவரே முதல் துணைவேந்தர். அவர் பஞ்சாயத்து ராஜ் பற்றி ஆராய்ந்தவர். அதிகாரம் கிராமத்துக்குப் போக வேண்டும் என்று எழுதியவரே கல்வியையும் வீட்டு வாசலுக்கு அனுப்பினார். 1987இல் இக்னோ இரண்டே டிப்ளமோ படிப்புகளோடும் 4,528 மாணவர்களோடும் தொடங்கியது. பிறகு அது உலகின் மிகப் பெரிய பல்கலைக்கழகங்களில் ஒன்றானது. தமிழ்நாட்டில் திறந்தநிலைப் பல்கலைக்கழகச் சட்டம் 2002இல் வந்தது.

கதவு அகலமாகத் திறந்தபோது சில குழப்பங்களும் நுழைந்தன. பி.ஏ. இல்லாமலே நேரே எம்.ஏ. என்று சில பல்கலைக்கழகங்கள் திறந்தநிலை வழியில் பட்டம் வழங்கின. முதல் பட்டம் இல்லாமல் பெற்ற முதுகலைப் பட்டம் செல்லாது என்று 2009இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அப்படிப் படித்தவர்கள் பலரின் பதவி உயர்வு சிக்கலில் மாட்டியது. இதிலிருந்து நம் பிள்ளைகள் கற்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. எந்தப் படிப்பில் சேர்வதற்கு முன்பும் பல்கலைக்கழக மானியக் குழு அந்த ஆண்டுக்கு, அந்தப் பல்கலைக்கழகத்துக்கு, அந்தப் படிப்புக்கு அனுமதி கொடுத்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டக் கூடாது. முறையான அனுமதியோடு பெற்ற தொலைநிலைப் பட்டம் கல்லூரியில் பெற்ற பட்டத்துக்குச் சமம் என்று மானியக் குழு 2022இலும் தெளிவுபடுத்தியிருக்கிறது. ஆகவே ‘தபால்ல படிச்சதுக்கு மதிப்பில்ல’ என்று யாராவது சொன்னால் கலங்க வேண்டாம்.

ஒரு வியாபாரியின் கணக்கு

நான் சேர்ந்த காலத்தில், பன்னிரண்டாம் வகுப்பு இல்லாதவர்களுக்காக இக்னோவில் ஆயத்தப் படிப்பு ஒன்று இருந்தது. அதை முடித்துத்தான் பி.ஏ.வுக்குள் நுழைந்தேன். பட்டத்துக்கு வேண்டியது 96 கிரெடிட். ஒரு கிரெடிட் என்றால் 30 மணி நேர உழைப்பு. மொத்தம் 2,880 மணி நேரம். கல்லாவில் உட்கார்ந்து சிட்டைப் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். நாளுக்கு இரண்டு மணி நேரம் என்றால் 1,440 நாள். ஏறக்குறைய நான்கு வருஷம். கடையில் சரக்கு இறங்கும் நாள், தீபாவளி, பொங்கல், வீட்டு விசேஷம் எல்லாம் கழித்தால் ஐந்து வருஷம். அனுமதிக்கப்பட்ட காலம் குறைந்தது மூன்று, அதிகம் ஆறு. கட்டும்படியாகிற கணக்குத்தான் என்று முடிவு செய்தேன். 2012இல் முடித்தேன்.

விடியற்காலை நாலரை முதல் ஆறரை வரை என் வகுப்பு. இருட்டியபின் உண்ணாத வழக்கம் எங்கள் வீட்டில் உண்டு. ஆகவே இரவு சீக்கிரம் படுத்துச் சீக்கிரம் எழுவது எனக்குச் சிரமமாக இல்லை. ஞாயிறுகளில் ஒரு கல்லூரியில் நடக்கும் ஆலோசனை வகுப்புக்குப் போவேன். அசைன்மென்ட் எனப்படும் ஒப்படைப்புக்கு 30 விழுக்காடு, ஆண்டுத் தேர்வுக்கு 70 விழுக்காடு மதிப்பெண். கடைக்கு வரும் பெரியவர் ஒருவர், “என்ன நைனாரே, பொண்ணுக்கு மாப்பிள்ள பாக்கிற வயசுல புஸ்தகமும் கையுமா உக்காந்திருக்கீர்?” என்று கேலி செய்வார். “மாப்பிள்ளையப் பாக்கப் போறதுக்கு முன்னாடி சமூகம்னா என்னன்னு தெரிஞ்சுக்கணுமில்ல” என்பேன்.

மொழிதான் பெரிய மலை. பாடம் ஆங்கிலத்தில் அல்லது இந்தியில்தான். ஆங்கிலத்தில் எடுத்தேன். ஒவ்வொரு கலைச்சொல்லுக்கும் தமிழ்ச் சொல் எழுதிய நோட்டு ஒன்று வைத்துக்கொண்டேன். சமூக அடுக்கமைவு, உறவுமுறை, குழுமம், வகிபங்கு, சமூக இயக்கம் என்று வளர்ந்த அந்த நோட்டு பழைய பேரேட்டு அளவுக்குப் பருத்துவிட்டது. தமிழில் எழுதிப் பார்த்த பிறகே எனக்கு ஆங்கிலப் பாடம் விளங்கியது.

ஏன் சமூகவியல்?

வியாபாரிக்கு வணிகவியல் பொருத்தமில்லையா என்று பலர் கேட்டார்கள். கணக்கு எனக்குத் தெரியும். மனிதர் கூட்டம் ஏன் இப்படி நடந்துகொள்கிறது என்பதுதான் தெரிய வேண்டியிருந்தது. ஒரே தெருவில் பஞ்சாபி, பனியா, மலையாளி, வங்காளி, தமிழர் எல்லாரும் அரிசி வாங்குகிறார்கள். ஒருவர் வீட்டு விசேஷத்துக்குப் பச்சரிசி, இன்னொருவர் வீட்டுக்குப் பாசுமதி, நம்மவருக்குப் புழுங்கல். கடன் கேட்கும் முறைகூட ஒவ்வொருவருக்கும் வேறு. இதையெல்லாம் முப்பது வருஷம் பார்த்தவனுக்கு அதைப் பேசும் ஒரு சாத்திரம் இருக்கிறது என்று தெரிந்தபோது விட மனம் வரவில்லை.

இந்தியாவில் சமூகவியல் பல்கலைக்கழகத் துறையாக 1919இல் பம்பாயில் தொடங்கியது. பாட்ரிக் கெட்டிஸ் அதன் முதல் தலைவர். அவருக்குப் பின் வந்த ஜி.எஸ்.குர்யே ஒரு தலைமுறை ஆய்வாளர்களை உருவாக்கினார். அவர்களில் ஒருவரான எம்.என்.சீனிவாஸ் தில்லிப் பல்கலைக்கழகத்தில் 1959இல் சமூகவியல் துறையை நிறுவினார். ஆந்த்ரே பெத்தேய் 1965இல் வெளியிட்ட சாதி, வர்க்கம், அதிகாரம் பற்றிய நூல் தஞ்சை மாவட்டத்து ஊர் ஒன்றில் தங்கி எழுதியது. பிரெஞ்சுக்காரர் லூயி துய்மோன் பிரமலைக் கள்ளர் நடுவில் ஆய்வு செய்தார். உலகமே படிக்கும் சமூகவியல் நூல்களில் நம்மூர் வயல்களும் தெருக்களும் இருப்பதை அறிந்தபோது ஏற்பட்ட மகிழ்ச்சிக்கு அளவில்லை.

வெபரும் வந்தவாசியும்

இனி, எனக்கு நெருக்கமான ஒரு விஷயத்துக்கு வருகிறேன். மாக்ஸ் வெபர் என்ற ஜெர்மானிய அறிஞர் சமயத்துக்கும் பொருளாதாரத்துக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தவர். அவருடைய பாடம் எங்களுக்கு உண்டு. அதைப் படித்த ஆர்வத்தில் இந்திய சமயங்களைப் பற்றி அவர் எழுதிய நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பை நூலகத்தில் தேடிப் படித்தேன். சமணர் ஏன் வணிகர் ஆனார்கள் என்பதற்கு அவர் ஒரு காரணம் சொல்கிறார். ஏர் ஓட்டினால் மண்ணில் உள்ள உயிர்கள் சாகும். கொல்லாமை நோன்பு உழவைத் தடுத்தது. ஆகவே அவர்கள் வணிகத்துக்குப் போனார்கள் என்பது அதன் சாரம்.

படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் வியாபாரிதான், ஆனால் என் தகப்பனார் வியாபாரி இல்லை, பாட்டனாரும் இல்லை. வந்தவாசி, ஆரணி, போளூர், செஞ்சி, திண்டிவனம் வட்டாரங்களில் இருக்கும் தமிழ்ச் சமணர்கள் நூற்றாண்டுகளாக உழவர்கள். நெல்லும் மணிலாவும் விளைவித்தவர்கள். சமணப் பள்ளிகளுக்கு அரசரும் ஊராரும் கொடுத்த நிலத்தைக் கல்வெட்டுகள் ‘பள்ளிச்சந்தம்’ என்று சொல்கின்றன. நிலத்தின் விளைச்சலை நம்பி நடந்த சமயத்தை நிலத்தைத் தொடாத சமயம் என்று சொல்லிவிட முடியுமா? கோலாப்பூர், சாங்லி, பெல்காம் பக்கத்திலும் சமண உழவர்கள் மிகுதி. வெபர் கண்முன் நிறுத்திய சமணர் மேற்கு இந்திய வணிகர். அவர்களைப் பற்றி அவர் சொன்னதில் உண்மை இருக்கலாம். எல்லாச் சமணருக்கும் அது பொருந்தாது.

இதை ஒப்படைப்பில் எழுதினேன். திருத்திய ஆசிரியர் ஓரத்தில், சுவையான வாதம், சான்று எங்கே என்ற பொருளில் ஒரு வரி எழுதியிருந்தார். அந்த ஒரு வரிதான் என்னை மாணவனாக்கியது. அடுத்த பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது கையில் நோட்டு எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். பாட்டனார் என்ன தொழில், தகப்பனார் என்ன தொழில், பிள்ளைகள் என்ன தொழில் என்று மூன்று தலைமுறையைக் கேட்டு எழுதினேன். ஒரு தெளிவான கோலம் கிடைத்தது. பாட்டனார் தலைமுறை உழவு. தகப்பனார் தலைமுறை உழவோடு பள்ளி ஆசிரியர் வேலை. பிள்ளைகள் தலைமுறை சென்னை, பெங்களூர், தில்லி. எங்கள் ஊரில் கொல்லாமை நோன்பு ஏரை நிறுத்தவில்லை. நோன்பு எல்லாத் தலைமுறையிலும் இருந்தது. ஏர் கைமாறியது பள்ளிக்கூடமும் நகரமும் வந்த பிறகுதான்.

விலாஸ் சங்கவே என்ற அறிஞர் 1959இல் சமணச் சமூகம் பற்றிப் பெரிய ஆய்வு நூல் வெளியிட்டிருக்கிறார். சமணருக்குள் எத்தனை சாதி, எத்தனை வட்டாரம், எத்தனை வேறுபாடு என்பது அதைப் பார்த்தால் விளங்கும். 2011 மக்கள்தொகைக் கணக்கில் தமிழ்நாட்டுச் சமணர் ஒரு லட்சத்துக்கும் குறைவு. அதிலும் வடக்கேயிருந்து வந்து குடியேறியவர்களும் சேர்ந்தே எண்ணப்பட்டிருக்கிறார்கள். இத்தனை சிறிய கூட்டத்தைப் பற்றி வெளியிலிருந்து எழுதுபவர் பொதுப்படையாகத்தான் எழுதுவார். உள்ளே இருப்பவன் முறையாகக் கற்று எழுதினால்தான் விவரம் சேரும்.

இங்கேதான் தொலைநிலைக் கல்வியின் அருமை தெரிகிறது. கல்லூரி மாணவன் வகுப்பில் படித்துவிட்டுக் கள ஆய்வுக்கு ஓர் ஊரைத் தேடிப் போக வேண்டும். அஞ்சலில் படிப்பவனோ களத்திலேயே குடியிருக்கிறான். அவனுக்குக் கடையும் தெருவும் குடும்பமும் சொந்த ஊருமே களம். மற்றப் பாடங்களுக்குத் தொலைவு ஒரு குறை. சமூகவியலுக்கு அது குறை மட்டுமில்லை, ஒரு சௌகரியமும்கூட.

நினைவில் நிற்கும் ஊர்

எம்.என்.சீனிவாஸ் 1948இல் மைசூருக்கு அருகே ஒரு கிராமத்தில் தங்கி ஆய்வு செய்தார். அதற்கு ராம்புரா என்று புனைபெயர் வைத்தார். 1970 ஏப்ரலில் அவர் அமெரிக்காவின் ஸ்டான்போர்டில் இருந்தபோது விஷமிகள் வைத்த தீயில் அவருடைய குறிப்புகள் எரிந்துபோயின. மனம் தளராமல் நினைவிலிருந்தே எழுதினார். 1976இல் வந்த அந்நூலின் பெயரும் நினைவில் நிற்கும் கிராமம் என்ற பொருளுடையதே.

அன்பர்களே, இதைப் படித்தபோது நம் எல்லாரையும் நினைத்துக்கொண்டேன். ஊரை விட்டு வந்த நம் ஒவ்வொருவரிடமும் நினைவில் ஒரு ஊர் இருக்கிறது. எந்தத் தெருவில் யார் வீடு, எந்தக் கிணற்றில் யார் தண்ணீர் எடுக்கலாம், யார் எடுக்கக் கூடாது, அறுப்புக்கு யாருக்கு எத்தனை மரக்கால் கூலி என்றெல்லாம் நமக்குத் தெரியும். தில்லியில் பிறந்த நம் பிள்ளைகளுக்கு அந்த ஊர் கோடை விடுமுறைக்கு மட்டும்தான். நமக்குப் பின் அந்த விவரம் போய்விடும். நல்லதை மட்டும் சொல்லி ஊரைச் சொர்க்கமாக்கும் பழக்கமும் நமக்கு உண்டு. சமூகவியல் அந்தப் பழக்கத்தைக் கட்டுப்படுத்தக் கற்றுக்கொடுக்கிறது. ஊரின் அன்பையும் எழுது, ஊரின் தீண்டாமையையும் எழுது, இரண்டையும் சான்றோடு எழுது என்கிறது. பட்டத்தைவிட இதுவே நான் பெற்ற பெரிய லாபம்.

சுருங்கிய வழி

இனி, கவலைப்பட வேண்டிய செய்தி. மாநிலப் பல்கலைக்கழகங்கள் தங்கள் மாநில எல்லைக்கு வெளியே தொலைநிலைக் கல்வி மையம் நடத்தக் கூடாது என்று மானியக் குழு 2013இல் கண்டிப்பாக அறிவித்தது. நாடெங்கும் கண்டபடி முளைத்த மையங்களின் மோசடிகளைத் தடுக்க அது தேவையாகத்தான் இருந்தது. அதற்காக நான் அரசைக் குறை சொல்லவில்லை. ஆனால் விளைவைப் பாருங்கள். மதுரையிலிருந்தும் சிதம்பரத்திலிருந்தும் நம் வாசலுக்கு வந்த தமிழ்வழிப் படிப்புக்கு இங்கே மையம் இல்லாமல் போயிற்று. இணையவழிப் படிப்புகளுக்கு எல்லைக் கட்டுப்பாடு இல்லை என்கிறார்கள். அதற்குக் கம்ப்யூட்டரும் தனி அறையும் வேண்டும். வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணுக்கும் டெம்போ ஓட்டும் பையனுக்கும் அவை எங்கே இருக்கின்றன?

என் கடைக்கு மாதா மாதம் வரும் ஒரு பெண்மணி. விழுப்புரம் பக்கம். பத்தாவதோடு கல்யாணமாகி இங்கே வந்தவர். நான் படிப்பதைப் பார்த்து ஒருநாள், “அண்ணே, தமிழ்ல எழுதலாம்னா நானும் படிப்பேன்” என்றார். என்னிடம் அப்போது பதில் இருந்தது. அவருக்கு நேரம் இல்லை, கைக்குழந்தை. பிள்ளைகள் வளர்ந்து அவருக்கு நேரம் வந்தபோது அந்த வழி அடைபட்டிருந்தது. இது ஒருவர் கதை இல்லை. நம் குடியிருப்புகளில் இப்படி வீட்டுக்கு ஒருவர் இருப்பார்.

நம் சங்கம் செய்யக்கூடியவை

தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் நடத்துகிறது. உச்ச வயது வரம்பு கிடையாது. பன்னிரண்டாம் வகுப்பில் சமூகவியலே ஒரு பாடமாக இருக்கிறது. அதை முடித்தால் பட்டப் படிப்புக்குக் கதவு திறந்துவிடும். தடையாக நிற்பவை மூன்று: விவரம் தெரியாமை, மொழி, தனிமை. மூன்றையும் சங்கம் தீர்க்க முடியும்.

முதலாவதாக, சேர்க்கை நடக்கும் மாதங்களில் ஞாயிறு காலை ஒரு மேசை போட்டு, எந்தப் படிப்புக்கு அனுமதி உண்டு, எவ்வளவு கட்டணம், எப்போது கடைசி நாள் என்று சொல்ல ஒருவர் உட்கார வேண்டும். அந்த வேலைக்கு நானே வருகிறேன்.

இரண்டாவதாக, நூலகத்தில் ஓர் அலமாரியைத் தமிழில் உள்ள சமூக அறிவியல் நூல்களுக்கு ஒதுக்க வேண்டும். பாடத்தை ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களும் முதலில் தமிழில் புரிந்துகொள்ளட்டும். என் கலைச்சொல் நோட்டைப் படியெடுத்துக் கொடுக்கிறேன். சாத்திர தானம் என்று சொல்லிக்கொள்கிற அளவுக்கு அது பெரிய நூல் இல்லை, ஆனாலும் உதவும்.

மூன்றாவதாக, படிப்பவர்கள் வாரம் ஒருமுறை சேர்ந்து உட்கார ஓர் அறை வேண்டும். அஞ்சல்வழி மாணவர் பலர் பாதியில் நிற்பது பாடம் கடினம் என்பதால் மட்டுமில்லை. ‘நானும் இதே இடத்துல முட்டிக்கிட்டேன்’ என்று சொல்லப் பக்கத்தில் ஆள் இல்லாததாலும்தான். ஞாயிறு வகுப்புகளில் எனக்குக் கிடைத்த நாலைந்து நண்பர்கள் இல்லையென்றால் 2,880 மணி நேரக் கணக்கு கணக்காகவே நின்றிருக்கும்.

நம் விழாக்களில் பட்டிமன்றம் நடத்துகிறோம், இசைக் கச்சேரி வைக்கிறோம், பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு நடத்துகிறோம். எல்லாம் நல்லதே. அவற்றோடு, பெரியவர்கள் படிக்க ஓர் அறையும் அலமாரியும் மேசையும் சேர்த்துக்கொள்ளலாம். கட்டடம் இருக்கிறது, ஞாயிறு காலைகளில் மேல்மாடி அறை பூட்டியேதான் கிடக்கிறது. சாவியைக் கேட்டுச் செயலாளரிடம் எழுத்து மூலம் விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன். என்னோடு உட்கார வருபவர்கள் கடையில் வந்து பெயர் கொடுக்கலாம். அரிசி வாங்கித்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.